எண்ணினார்கள், சொல்லவில்லை



பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் 45 நிமிடம் பொறுத்தவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கட்சி பேச வரவில்லை. நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பது என் வீட்டு அம்மாவுக்கே தெரியாது. ஓட்டு எண்ணுவதைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் நம் குரூப்பில் ஒரே பாட்டுதான். தோற்ற கட்சிக்காரர் "மிஷினில் கை வைத்துவிட்டார்கள்" என்பார். ஜெயித்த கட்சிக்காரர் "ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்றாராம்" என்பார். அடுத்த தேர்தலில் முடிவு மாறினால் இருவரும் வசனத்தை மாற்றிக்கொள்வார்கள். இத்தனை வருடத்தில் ஒரே ஒருவர்கூட "எங்கள் கட்சி ஜெயித்த தொகுதியிலும் சரிபாருங்கள்" என்று எழுதி நான் பார்த்ததில்லை.

மிஷினைப் பற்றி இவ்வளவு சண்டை போடுகிறோமே, ராதாபுரம் என்ற ஊர்ப் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? நம் தமிழ்நாட்டில் ஓட்டு எண்ணிக்கை கோணலாகிப் போனதற்கு நிரூபணமாக நிற்கிற ஊர் அது. அங்கே தகராறு முதலில் கிளம்பியது மிஷினில் அல்ல, காகிதத்தில். அதிலும் ஒரு தலைமையாசிரியரின் கையெழுத்தில். அதனால்தான் ஒரு வாத்தியார் பேச வேண்டியிருக்கிறது.

2016 சட்டமன்றத் தேர்தல். திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் தொகுதி. அதிமுக வேட்பாளர் இன்பதுரைக்கு 69,590 ஓட்டு. திமுக வேட்பாளர் அப்பாவுக்கு 69,541. வித்தியாசம் 49. மே 19 அன்று இன்பதுரை வென்றதாக அறிவித்தார்கள்.

அந்த எண்ணிக்கையில் 203 தபால் ஓட்டுகள் தள்ளுபடி ஆகியிருந்தன. காரணம், அவற்றோடு இருந்த உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் இட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள். அவர்கள் கெசட்டட் அதிகாரிகள் அல்ல, ஆகவே ஒப்பம் செல்லாது என்று தேர்தல் அதிகாரி முடிவு செய்தார்.

தபால் ஓட்டு போடாதவர்களுக்காக நடைமுறையைச் சொல்கிறேன். தேர்தல் பணிக்குப் போகிறவர் வேறு ஊர்ச் சாவடியில் இருப்பார். சொந்தச் சாவடியில் நின்று போட முடியாது. அதனால் தபால் சீட்டு. சீட்டைக் குறித்துச் சிறிய உறையில் போட்டு ஒட்ட வேண்டும். "இந்தச் சீட்டுக்குரியவர் நான்தான்" என்று தனியாக ஓர் உறுதிமொழி. அதற்குப் பெயர் படிவம் 13ஏ. அதில் ஓர் அதிகாரி சான்றொப்பம் இட வேண்டும். இரண்டையும் பெரிய உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். எண்ணும் நாளில் பெரிய உறையைத் திறந்து முதலில் உறுதிமொழியைப் பார்ப்பார்கள். அதில் குறை என்றால் சிறிய உறையைத் திறக்கவே மாட்டார்கள். உள்ளே யாருக்குப் போட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாமலேயே அந்த ஓட்டு செத்துப்போகும். போட்டவருக்கும் தெரியாது. அவருக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை.

இப்போது 49-ஐயும் 203-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. தள்ளிய ஓட்டு, வென்ற வித்தியாசத்தைவிட நான்கு மடங்கு.

அப்பாவு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன்படி, முடிவு வந்த 45 நாளுக்குள் தேர்தல் வழக்குப் போட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். வழக்குப் போடுகிறவருக்கு இவ்வளவு கறார். வழக்கை விசாரிக்கிறவருக்கு? அதே சட்டத்தின் 86-ஆம் பிரிவு, ஆறு மாதத்துக்குள் முடிக்க "முயல வேண்டும்" என்கிறது. முடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. முயன்றால் போதும். தமிழ் வாத்தியாரைக் கேட்டால் சொல்வார், முயற்சிக்கும் முடிவுக்கும் எவ்வளவு தூரம் என்று. ராதாபுரத்தில் அந்தத் தூரம் மூன்று வருடம் நான்கு மாதத்துக்கும் மேல்.

2019 அக்டோபர் 1 அன்று நீதிபதி ஜி. ஜெயச்சந்திரன் உத்தரவிட்டார். அந்த 203 தபால் ஓட்டுகளையும், மின்னணு இயந்திரத்தில் 19, 20, 21-ஆம் சுற்று ஓட்டுகளையும் மறுபடி எண்ண வேண்டும் என்றார். அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அதே நாள் உச்ச நீதிமன்றம் சொன்னது, எண்ணலாம், ஆனால் முடிவை அறிவிக்கக் கூடாது. அந்தத் தடை நீண்டுகொண்டே போனது. 2021 மே மாதம் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது. அதுவரை முடிவு வெளியில் வரவில்லை.

இதை மெதுவாக இன்னொரு முறை படியுங்கள். ஓட்டை எண்ணியாகிவிட்டது. விடை தெரிந்துவிட்டது. ஆனால் அந்த ஊர் எம்.எல்.ஏ. யார் என்பதற்கான விடை, அந்தப் பதவிக்காலம் தீர்ந்துபோகும்வரை அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லப்படவில்லை.

நான் முப்பது வருடத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன். மதிப்பெண்ணில் சந்தேகம் என்றால் மறுகூட்டல் உண்டு, மறுமதிப்பீடு உண்டு. அது கல்லூரிச் சேர்க்கைக்கு முன்னால் வர வேண்டும் என்பதற்காக எங்களை எப்படி விரட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். பையன் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகு "உனக்கு 12 மார்க் கூட வந்திருந்தது" என்று சொன்னால் யாருக்கு லாபம்? இங்கே அதைக்கூடச் சொல்லவில்லை.

நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் உங்கள் அப்பா தறியை நிறுத்தி அப்போதே பிணைப்பார். சேலையை மடித்துக் கடைக்கு அனுப்பிய பிறகு பிணைக்க முடியாது.

"சார், நீதிமன்றத்தைக் குறை சொல்லலாமா?" என்று ஒரு மாணவன் போனிலேயே கேட்டான். அவன் வக்கீல். அவன் வாதம் இது. மறு எண்ணிக்கை முடிவை அறிவித்துவிட்டால், நாளை உயர் நீதிமன்ற உத்தரவே தவறு என்று மேல்முறையீட்டில் தீர்ப்பானால் என்ன செய்வது? அறிவித்ததைத் திரும்ப வாங்க முடியுமா? ஆகவே தடை நியாயம்தான். மறு எண்ணிக்கையைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தால் ஓட்டின் ரகசியமும் போகும், எந்த முடிவும் நிலைக்காது என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது என்றான்.

நல்ல வாதம். பாதி எனக்குச் சம்மதம். தடை கொடுத்ததைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. தடை கொடுத்தால் அப்பீலை உடனே முடியுங்கள் என்பதுதான் என் கட்சி. தடையும் கொடுத்து, வழக்கும் நகராவிட்டால், அந்தத் தடையே தீர்ப்பு ஆகிவிடுகிறது. எழுதாத தீர்ப்பு. யாரும் அதில் கையெழுத்துப் போடவும் வேண்டாம், காரணம் சொல்லவும் வேண்டாம்.

முடியாத காரியமா என்றால் முடியும் என்று அதே உச்ச நீதிமன்றமே காட்டியிருக்கிறது. 2024 ஜனவரி 30, சண்டிகர் மேயர் தேர்தல். காகிதச் சீட்டு. மொத்தமே 36 ஓட்டு. தேர்தல் நடத்திய அதிகாரி 8 சீட்டுகளைச் செல்லாது என்று தள்ளி, 16-க்கு 12 என்று பாஜக வேட்பாளரை வென்றவராக அறிவித்தார். அவர் சீட்டுகளில் பேனாவால் குறியிட்டது கேமராவில் பதிவாகியிருந்தது. உச்ச நீதிமன்றம் அந்தச் சீட்டுகளை நீதிமன்றத்துக்கே கொண்டுவரச் சொல்லிப் பார்த்து, 8-ம் செல்லும் என்று சொல்லி, குல்தீப் குமாரை மேயராக அறிவித்த நாள் பிப்ரவரி 20. இருபத்தொரு நாள்! அது வேறு வகை வழக்கு, வேறு வழி, தெரியும். ஆனால் மனம் இருந்தால் நாள்காட்டியில் இடம் இருக்கிறது என்பது நிரூபணம் ஆகிவிட்டதல்லவா? ஒரு நகரத்து மேயருக்கு 21 நாள் என்றால், ஒரு தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஐந்து வருடமும் போதவில்லையா?

"மிஷினைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழையபடி சீட்டுக்குப் போவோம்" என்று குரூப்பில் முழங்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சண்டிகரில் இருந்தது சீட்டுதான். ராதாபுரத்தில் தள்ளியதும் சீட்டைத்தான். மிஷினைக் கேள்வி கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகக் கேளுங்கள். இன்று ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் எடுத்த 5 சாவடிகளின் விவிபாட் சீட்டுகளை எண்ணி மிஷினோடு ஒப்பிடுகிறார்கள். கேள்வி கேட்டவர்களால் வந்தது அது. 2024 ஏப்ரல் தீர்ப்பில் எல்லா விவிபாட் சீட்டையும் எண்ண உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர் 7 நாளுக்குள் கேட்டால் 5 சதவீத மிஷின்களைப் பரிசோதிக்க வழி திறந்தது. அதுவும் கேள்வி கேட்டதன் பலன்தான். ஆதாரத்தோடு கேட்கும் கேள்வி விதியை மாற்றும். ஆதாரமில்லாத ஃபார்வர்டு என்ன செய்யும்? "எல்லாம் திருட்டுதான், போய் என்ன பயன்" என்று நாலு பேரை வீட்டிலேயே உட்கார வைக்கும். திருடனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொரு கூட்டம், "49 ஓட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்கிறது. அவர்களுக்குச் சில கணக்கு. 2004-இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் 40,752-க்கு 40,751. 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் 62,216-க்கு 62,215, தோற்றவர் அம்மாநிலக் காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி. இரண்டிலும் ஒற்றை ஓட்டு. 2021-இல் நம் தியாகராய நகரில் 137. மொடக்குறிச்சியில் 281. தென்காசியில் 370. இதெல்லாம் அபூர்வம் இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் எங்காவது நடக்கிறது.

அந்தத் தென்காசியையே பாருங்கள். காங்கிரஸின் பழனி நாடார் வென்றதை எதிர்த்து வழக்கு. உயர் நீதிமன்றம் தபால் ஓட்டுகளை மறுபடி எண்ணச் சொன்னது. 2023 ஜூலையில் எண்ணினார்கள். பழனி நாடார் வென்றது உறுதியானது. அதை வெளியில் சொன்னார்கள், பேச்சு அடங்கியது. மறு எண்ணிக்கை என்றால் முடிவு புரண்டுவிடும் என்று ஏன் பயப்பட வேண்டும்? பல சமயம் வென்றவருக்கே அது நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும். ஆனால் அங்கும் இரண்டு வருடம் ஆனது என்பதை மறக்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஒன்று. 1997 மே 1 அன்று இங்கிலாந்தில் வின்செஸ்டர் தொகுதியில் மார்க் ஓட்டன் என்பவர் 2 ஓட்டில் வென்றார். அதிகாரிகள் இட வேண்டிய முத்திரை இல்லாததால் ஐம்பதுக்கு மேற்பட்ட சீட்டுகள் தள்ளுபடியாகியிருந்தன. ஓட்டுப் போட்டவர் மேல் தவறில்லை, முத்திரை குத்தாத அதிகாரி மேல்தான் தவறு. அக்டோபரில் நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. நவம்பர் 20 அன்று மறுதேர்தல். வழக்குப் போட்ட ஜெரி மலோனே 21,556 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். ஏழு மாதத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஜனங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், வாய்தா இல்லை.

வெள்ளைக்காரன் ஊர் வேண்டாம், நம் மாவட்டத்துக்கே வருவோம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது, குடவோலை முறையைச் சொல்கிறது. உங்களில் பலரை நான் அங்கே சுற்றுலா அழைத்துப் போயிருக்கிறேன். பெருமை பேச அதை எல்லோரும் இழுக்கிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்வோம். அது இன்றைய தேர்தல் அல்ல, குலுக்கல். நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம். உங்களில் பெரும்பாலோரின் பாட்டனார் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது.

ஆனால் எண்ணும் முறையில் அவர்கள் காட்டிய கவனத்தைக் கற்றுக்கொள்ளலாம். சிறுவர் முதல் முதியவர் வரை சபை முழுதும் கூடியிருக்க வேண்டும். குடத்தை எல்லோரும் பார்க்கும்படி மூத்தவர் ஒருவர் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது தெரியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும், விரலிடுக்கில் வேறு ஓலையை மறைத்துவிடக் கூடாதே! வாங்கியதை அங்கேயே உரக்கப் படிக்க வேண்டும். அவர் படித்ததை மற்றவர்களும் வாங்கிப் படிக்க வேண்டும். பிறகுதான் பெயரை எழுதலாம்.

ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால், ஒரு கிராமத்து வாரியத்துக்கு ஆள் எடுக்க இத்தனை சந்தேகம், இத்தனை வெளிச்சம். அவர்கள் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. யாரும் திருடன் என்று சொல்ல இடம் வைக்கவில்லை. ஓலையை எடுத்தபின் "படிக்காதே, மூடி வை" என்று சொல்ல அந்தச் சபையில் யாருக்கும் அதிகாரம் இல்லை.

எண்ணிக்கையை நம்பினால் தோற்றவர் அடுத்த வேலையைப் பார்ப்பார். நம் ஊர்ப் பிள்ளை அண்ணா 1962-இல் இதே காஞ்சிபுரத்தில் காங்கிரஸின் நடேச முதலியாரிடம் தோற்றார். சொந்த மண்ணில் தோல்வி. அந்த வருடமே மாநிலங்களவைக்குப் போனார், ஐந்தே வருடத்தில் முதலமைச்சர் ஆனார். தோல்வி ஒரு கட்சியைக் கொல்லாது. விடை தெரியாமல் வைத்திருப்பதுதான் ஊரைக் கொல்லும்.

ராதாபுரத்தில் அரசியல்வாதிகளுக்குக் கணக்கு ஒருவாறு நேராகிவிட்டது. 2021-இல் அப்பாவு அதே தொகுதியில் வென்று சபாநாயகர் ஆனார். இன்பதுரை 2025-இல் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். இருவருக்கும் நாற்காலி கிடைத்தது, சந்தோஷம். அந்த 203 பேருக்கு என்ன கிடைத்தது? ஊருக்கு ஓட்டு நடத்திக் கொடுக்கப் போனதால் தன் ஓட்டைத் தபாலில் போட்டவர்கள் அவர்கள். விடிகாலை மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, நாள் முழுதும் மை வைத்து, ராத்திரி மண்டல அலுவலர் வண்டி வரும்வரை மிஷினுக்குக் காவல் இருந்தவர்களின் ஓட்டு. இந்த வேலையை நானும் பல தேர்தல்களில் செய்தவன். ஒரு சாவடியின் ஆயிரம் ஓட்டுக்கான கணக்கில் ஆசிரியர் கையெழுத்து செல்லும், அவருடைய சொந்த ஓட்டுக்கு அவருடைய தலைமையாசிரியர் கையெழுத்து செல்லாது என்றால் இது என்ன நியாயம்? பச்சை மையில்தான் நேர்மை இருக்கிறதா?

சிலது சரியாகியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2023-இல் விதி திருத்தப்பட்டு, தேர்தல் பணியாளர்கள் வசதி மையத்திலேயே தபால் சீட்டை வாங்கிக் குறித்து அங்கேயே செலுத்த வேண்டும் என்றாகிவிட்டது. தள்ளுபடியான தபால் ஓட்டைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், அறிவிக்கும் முன் தள்ளியவற்றை எல்லாம் மறுபடி பார்க்க வேண்டும் என்று தேர்தல் ஆணையத்தின் அறிவுரை இருக்கிறது. நல்லது. ஆனால் போதாது. நான் கேட்பது மூன்று.

ஒன்று. தபால் ஓட்டுப் போடுகிறவரின் உறுதிமொழியை அவர் எதிரிலேயே சரிபார்த்து ரசீது கொடுங்கள். அப்படியும் தள்ளினால், வரிசை எண்ணையும் காரணத்தையும் பட்டியலிட்டு அவருக்குத் தெரிவியுங்கள். உறுதிமொழி தனிக் காகிதம், ஓட்டு தனி உறை. ரகசியம் எதுவும் கெடாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் தபால் ஓட்டில் கையெழுத்துக் குறை இருந்தால் போட்டவரைக் கூப்பிட்டுச் சரிசெய்யவே வாய்ப்புக் கொடுக்கிறார்கள்.

இரண்டு. அறிவுரையாக இருக்கும் மறு சரிபார்ப்பை விதியாக்குங்கள். அறிவுரையை அடுத்த சுற்றறிக்கையில் மாற்றலாம். விதியை மாற்ற அரசிதழில் போட வேண்டும், நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

மூன்று. 86-ஆம் பிரிவில் "முயல வேண்டும்" என்பதை எடுத்துவிட்டு "முடிக்க வேண்டும்" என்று போடுங்கள். எண்ணிக்கைத் தகராறுக்கு உயர் நீதிமன்றத்தில் ஆறு மாதம். மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். எண்ணி முடித்த ஓட்டின் முடிவுக்குத் தடை கொடுத்தால் அந்தத் தடைக்கும் கெடு. ஓட்டுக் கணக்கில் வேலை சில நாள்தான். ராதாபுரத்தில் மறு எண்ணிக்கைக்கு ஒரு நாள்தான் ஆனது என்பதை நினைவில் வையுங்கள்.

எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இதைத் தானாகச் செய்யாது. இன்று தாமதத்தால் தோற்ற கட்சி, நாளை தாமதத்தால் பிழைக்கும். அதனால்தான் கட்சிக்காரர்களிடம் கேட்காமல் உங்களிடம் கேட்கிறேன். உங்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், அரசு அலுவலர்கள் இருக்கிறீர்கள், இரண்டு பேர் பத்திரிகையில் இருக்கிறீர்கள், ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்களும் உண்டு. உங்கள் தொகுதி வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வரும்போது, சாலை, குடிநீரோடு சேர்த்து இந்த மூன்றையும் கேளுங்கள். "உங்களுக்கு 49 ஓட்டில் பாதகமாக வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்.

பின்னூட்டத்தில் மாற்றுக் கருத்து எழுதலாம், வரவேற்கிறேன். கட்சிக் கொடி மட்டும் வேண்டாம். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவேன், அந்தப் பழக்கம் போகாது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
காஞ்சிபுரம்.